முதிர்ந்த பூனையின் இரத்தப் பரிசோதனை: எண்கள் கூறுவது என்ன?



திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடையுமுன் வருகிறது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. ஆகிலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் பழக்கம் இந்தக் கிராமங்களை விட்டுப் போகவில்லை. பூனையை இங்கே இன்றும் ‘பூச்சை’ என்றே அழைப்பார்கள்.

இப்பகுதியில் பிறந்து வளர்ந்த அநேகர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊரிலுள்ள வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் வயதான பெற்றோர். பல வீடுகளில் தகப்பனாரும் மறைந்துபோக, தாய் மட்டும் தனித்திருக்கிறார். அவரோடு துணைக்கு இருப்பது ஒரு பூனை.

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தாய்க்கு வயது 74. பூனைக்கு வயது 13. ஒருநாள் தொலைபேசியில் தாயின் குரல் தளர்ந்து ஒலிக்கிறது: “மக்களே, பூச்சை சரியா ஒண்ணும் திங்கல்ல. வெள்ளம் மட்டும் நெறய குடிக்குது.” அயல்வீட்டுப் பிள்ளை ஒருவர் உதவி செய்து, பூனையைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோகிறார். இரத்தம் எடுக்கப்படுகிறது. மாலையில் பரிசோதனை அறிக்கையின் புகைப்படம் மகனுடைய கைபேசிக்கு வந்து சேர்கிறது. ஐந்து இடங்களில் சிவப்பு அடையாளம்! கிரியேட்டினின் 2.4, யூரியா நைட்ரஜன் 52, சர்க்கரை 198, ஏ.எல்.டி. 142, தட்டணுக்கள் 62,000.

மகன் இணையத்தில் தேடுகிறார். சிறுநீரகம் செயலிழந்தது, நீரிழிவு, கல்லீரல் நோய், இரத்தப்போக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. “இனி வேதனைப்படுத்த வேண்டாம், ஊசி போட்டு முடித்துவிடலாம்” என்கிறார் ஒருவர். “வயதாகிவிட்டது, அப்படியே விட்டுவிடு” என்கிறார் மற்றொருவர். இரண்டு ஆலோசனைகளுமே அவசரத்தில் பிறந்தவை. அந்தக் காகிதத்தில் உள்ள ஐந்து சிவப்பு அடையாளங்களுக்கும் ஒரே எடை இல்லை என்பதை அறிந்தால், அந்த வீட்டில் எடுக்கப்படும் தீர்மானம் வேறாக இருக்கும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ‘இயல்பான அளவு’ என்பது என்ன?

ஒவ்வொரு அறிக்கையிலும் பரிசோதனை எண்ணுக்கு அருகே ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். ஆரோக்கியமுள்ள பல பூனைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, அவற்றுள் நடுவிலுள்ள 95 சதவீதத்தின் அளவுகளை எடுத்து அந்த வரம்பை வகுக்கிறார்கள். அப்படியானால் எந்த வியாதியும் இல்லாத 20 பூனைகளில் ஒன்று வரம்புக்கு வெளியேதான் நிற்கும். ஒரே பூனைக்கு ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகள் செய்தால், அது முழு ஆரோக்கியத்துடன் இருந்தாலும், ஏதாவது ஒன்றில் சிவப்பு அடையாளம் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். ஆகவே வரம்பைச் சற்றே தாண்டிய ஒற்றை எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒன்றோடொன்று தொடர்புள்ள பல எண்கள் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றனவா என்பதையே மருத்துவர் கவனிப்பார்.

மற்றொரு காரியம். அந்த வரம்பு பூனைக்குரியதா? சிற்றூர்களில் பூனையின் இரத்தத்தை மனிதருக்கான ஆய்வகத்திற்கு அனுப்புவது உண்டு. அங்கே அச்சிடப்படுவது மனிதருக்குரிய வரம்பு. மனிதருக்கு 1.4 என்பது கிரியேட்டினினின் மேல் எல்லையை நெருங்கிய அளவு. பூனைக்கோ அது இயல்பானதே. மனித அணுக்களுக்காக அமைக்கப்பட்ட எண்ணும் கருவி, பூனையின் சிறிய சிவப்பணுக்களையும் பெரிய தட்டணுக்களையும் பிரித்தறியத் தடுமாறும்.

அலகையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் சில ஆய்வகங்கள் ‘யூரியா’ என்றும், சில ‘யூரியா நைட்ரஜன்’ என்றும் அச்சிடுகின்றன. இவை இரண்டும் ஒன்றல்ல. யூரியா நைட்ரஜனை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா கிடைக்கும். ஓர் அறிக்கையில் 28 என்றும் அடுத்ததில் 60 என்றும் இருந்தால், பூனையின் நிலை மோசமாகிவிட்டது என்று அழவேண்டாம். இரண்டும் ஒரே அளவாக இருக்கக்கூடும். அவ்வாறே வெளிநாட்டு இணையப் பக்கங்களில் கிரியேட்டினின் மைக்ரோமோல் கணக்கில் 212 என்று இருந்தால், அது நம் கணக்கில் 2.4 தான். 88.4-ஆல் வகுத்துப் பாருங்கள்.

2. பயமும் பசியும் எண்களை மாற்றும்

பூனையைப்போல் பயத்தால் இரத்தம் மாறுகிற வீட்டுப் பிராணி வேறொன்றில்லை எனலாம். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காக்கவைத்து, பிடித்து அழுத்தி இரத்தம் எடுக்கும்போது அதன் சர்க்கரை சடுதியில் ஏறிவிடும். நீரிழிவு இல்லாத பூனையிலும் அது 200-ஐத் தாண்டும். சில வேளைகளில் 300-ஐயும் தாண்டும். ஆகையால் ஒரே ஒரு சர்க்கரை அளவைக் கொண்டு நீரிழிவு என்று முடிவுசெய்து இன்சுலின் தொடங்கலாகாது. சிறுநீரிலும் சர்க்கரை உள்ளதா என்று பார்ப்பார்கள். முந்திய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டுகிற ‘பிரக்டோசமின்’ என்ற பரிசோதனையும் உண்டு; ஒருமணி நேரப் பயம் அதை அசைக்காது. நம் உதாரணத்துப் பூனையின் 198, பெரும்பாலும் அந்த ஆட்டோ பயணத்தின் கணக்கே.

தட்டணுக்கள் 62,000 என்பதும் அப்படிப்பட்டதே. பூனையின் தட்டணுக்கள் குழாயில் விழுந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். கருவி அந்தக் கொத்துகளைத் தட்டணுக்களாக எண்ணுவதில்லை. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை விளங்கும். “தகட்டில் பார்த்தீர்களா, டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

இரத்தம் எடுக்குமுன் 8 முதல் 12 மணி நேரம் ஆகாரம் கொடாதிருப்பது வழக்கம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நீரிழிவு உள்ள பூனையையும், சில நாட்களாகச் சாப்பிடாதிருக்கும் பூனையையும் மருத்துவரைக் கேளாமல் பட்டினி போடவேண்டாம்.

3. சிறுநீரகம்: மெய்யாகவே கவனிக்கவேண்டிய எண்

முதிர்ந்த பூனைகளுக்கு வரும் வியாதிகளில் மிகுதியாகக் காணப்படுவது நாள்பட்ட சிறுநீரக நோய். பழுதற்ற சிறுநீரகம் தண்ணீரைச் சேமித்துச் சிறுநீரைக் கெட்டியாக்கும். பழுதுபட்டால் அந்தத் திறன் குறையும், சிறுநீர் நீர்த்துப்போகும், இழந்த தண்ணீரை ஈடுசெய்யப் பூனை மிகுதியாகக் குடிக்கும். தாய் தொலைபேசியில் கூறிய அந்த ஒரு வாக்கியம், அறிக்கையிலுள்ள பல எண்களைவிட அதிகம் கூறிவிட்டது!

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து உண்டாகும் கழிவு. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ 75 சதவீதம் குறைந்த பிறகே அது வரம்பைத் தாண்டுவது வழக்கம். பூனை மெலிந்து தசை குறைந்துவிட்டால், கழிவே குறைவாக உண்டாவதால், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தும் கிரியேட்டினின் நல்லதுபோல் தோன்றும். ஆதலால் 2015 முதல் ‘எஸ்.டி.எம்.ஏ.’ என்ற மற்றொரு பரிசோதனையும் கால்நடை ஆய்வகங்களில் வழக்கத்துக்கு வந்தது. அது தசையின் அளவைப் பெரிதும் சார்ந்ததல்ல. கிரியேட்டினினைவிட முன்னதாகவே ஏறும்.

ஆனால் இந்த எண் ஏறிய உடனே சிறுநீரகத்தைக் குற்றஞ்சாட்டலாமா? கூடாது. மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, சிறுநீரகத்தை எட்டும் இரத்தவோட்டம் குறைவது. மேடக் கோடையில் வாந்தியும் பட்டினியும் சேர்ந்து உடல் வறண்டால், நல்ல சிறுநீரகமுள்ள பூனைக்கும் இந்த எண்கள் ஏறும். இரண்டாவது, சிறுநீரகமே பழுதுபடுவது. மூன்றாவது, சிறுநீர் வெளியேறும் வழி அடைபடுவது. முதல் இரண்டையும் பிரித்தறிய ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை பெரிதும் உதவும். சிறுநீரின் ஒப்படர்த்தி 1.035-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கிறது என்று பொருள். அப்போது உடல் வறட்சியே காரணமாக இருக்கலாம். எண்கள் ஏறியிருந்தும் சிறுநீர் நீர்த்திருந்தால் சிறுநீரகத்தின்மேல் சந்தேகம் வலுக்கும். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீரை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் அந்த எண் பொருளிழந்துபோகும்.

1998-இல் அமைக்கப்பட்ட பன்னாட்டுச் சிறுநீரக ஆர்வலர் சங்கம், பூனைகளின் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறது. கிரியேட்டினின் 1.6-க்குக் கீழ் இருந்தும் வேறு பழுதுகள் தென்பட்டால் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, 5.0-க்கு மேல் நான்காம் நிலை. ஒரே முறை எடுத்த இரத்தத்தைக் கொண்டு நிலையைத் தீர்மானிப்பதில்லை. உடல் வறட்சி நீங்கி, பூனை நிதானப்பட்ட பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். அதோடு சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும், இரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். புரத விகிதம் 0.4-க்கு மேலும், அழுத்தம் 160-க்கு மேலும் தொடர்ந்து நின்றால் அவற்றுக்குத் தனியே மருந்து தேவைப்படும். மிகுந்த அழுத்தம் விழித்திரையைப் பிரித்துவிடும். நேற்றுவரை நடமாடிய பூனை இன்று சுவரில் மோதுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

4. கல்லீரலும் தைராய்டும்

ஏ.எல்.டி. என்பது கல்லீரல் அணுக்களில் இருக்கும் ஒரு நொதி. அவ்வணுக்கள் ஊறுபட்டால் இரத்தத்தில் அது கூடும். ஏ.எல்.பி. என்ற நொதியைப் பொறுத்தவரை, பூனைக்கும் நாய்க்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நாயின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். பூனையின் இரத்தத்திலோ ஏறத்தாழ 6 மணி நேரமே. ஆகவே பூனையில் அது சிறிதளவு கூடியிருந்தாலும் அலட்சியம் செய்யலாகாது.

ஏ.எல்.டி. கூடினால் குற்றம் கல்லீரலிலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. முதிர்ந்த பூனைகளில் தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் வியாதி ஒன்று உண்டு. 1979-இல் அமெரிக்காவில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பூனை வயிறார உண்ணும், ஆயினும் மெலிந்துகொண்டே போகும், இரவில் ஓலமிடும், ஓயாமல் நடக்கும். ‘டி4’ பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். இந்த வியாதியில் இருதயம் விரைந்து அடிக்க, சிறுநீரகத்தின் வழியே அதிக இரத்தம் ஓடுவதால், அங்கே மறைந்திருக்கும் பழுது வெளிப்படுவதில்லை. தைராய்டுக்கு மருந்து கொடுத்த பிறகு கிரியேட்டினின் ஏறுவதைக் கண்டு, “மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது” என்று அநேகர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் முன்பே இருந்த பழுதுதான் அப்போது வெளியே தெரிகிறது. எனவே 10 வயதைக் கடந்த பூனைக்கு இரத்தம் எடுக்கும்போது டி4 பரிசோதனையையும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம்.

மஞ்சள் நிறம் ஈறுகளிலும் காதின் உட்புறத்திலும் தென்பட்டால் தாமதிக்க வேண்டாம். பூனை, விசேஷமாகக் கொழுத்த பூனை, சில நாட்கள் ஆகாரமின்றி இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு நிறைந்து அதன் ஜீவனுக்கே ஆபத்தாகிவிடும். ‘இரண்டு நாள் பட்டினி கிடந்தால் சரியாகிவிடும்’ என்ற வழக்கம் பூனைக்குப் பொருந்தாது.

5. காத்திருக்கலாகாத அடையாளங்கள்

சில காரியங்களில் மறுபரிசோதனைக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே, அப்போதே மருத்துவரிடம் போகவேண்டும். அடைப்பினால் பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றுவிடும். நாள்பட்ட சிறுநீரக நோயிலோ சில பூனைகளுக்குப் பொட்டாசியம் குறையும். பூனை தலையை நிமிர்த்த இயலாமல் கழுத்தைக் கவிழ்த்தே நிற்கும். ஈறுகள் வெளுத்துப்போதல், வாய்திறந்து மூச்சு வாங்குதல், வலிப்பு, திடீர்க் குருடு ஆகியவையும் அவசரமானவை.

பெற்றோரிடம் இன்றைக்கே தொலைபேசியில் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ‘பூச்சைக்குப் பனி’ என்று எண்ணி, பாசத்தினாலேயே அரை மாத்திரையைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். இபுபுரூபனும் டைக்ளோபினாக்கும் சிறுநீரகத்தை அழிக்கும். நகரத்து வீடுகளில் பூங்கொத்துகளில் வரும் லில்லி மலரும் அப்படியே. அதன் இதழையோ மகரந்தத்தையோ நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழக்கக்கூடும்.

6. அந்தத் தாயின் வீட்டில்

மறுபடியும் நம் உதாரணத்துக்கு வருவோம். மகன் பதறாமல் மருத்துவரிடம் பேசுகிறார். பூனையின் எடை சென்ற ஆண்டு 3.8 கிலோ, இப்போது 3.1 கிலோ. எடையில் 18 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கை எந்த ஆய்வகமும் சிவப்பில் அச்சிடாது. ஆனால் அறிக்கையிலுள்ள எல்லா எண்களோடும் சேர்த்துப் படிக்கவேண்டியது இதுவே. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒப்படர்த்தி 1.018, சர்க்கரை இல்லை. தகட்டில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத் தாராளமாக உள்ளன. டி4 இயல்பு. இரண்டு வாரத்துக்குப் பின் கிரியேட்டினின் 2.2, ஏ.எல்.டி. வரம்புக்குள் வந்துவிட்டது. இரத்த அழுத்தம் 150. ஐந்து சிவப்பு அடையாளங்களில் மூன்று மறைந்தன. எஞ்சிய இரண்டும் சேர்ந்து ஒரே காரியத்தைக் கூறுகின்றன: இரண்டாம் நிலைச் சிறுநீரக நோய்.

இது குணமாகும் வியாதி அல்ல. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் இரண்டு, மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் நலமாய் வாழ்ந்தவை பல உண்டு. செய்யவேண்டியவை எளியவை. வீட்டில் மூன்று நான்கு இடங்களில் அகன்ற பாத்திரங்களில் சுத்தமான தண்ணீர் வைக்கவேண்டும். கருவாட்டையும் உப்பிட்ட மீனையும் நிறுத்தவேண்டும். சிறுநீரகப் பூனைகளுக்கென்று பாஸ்பரஸ் குறைத்துச் செய்யப்பட்ட ஆகாரம் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பழைய ஆகாரத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்கவேண்டும். பூவாறிலிருந்தோ பொழியூரிலிருந்தோ வந்த சாளையைத் தின்றே 13 வருடம் வளர்ந்த பூனை, புது ஆகாரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அப்போது பிடிவாதம் வேண்டாம். சரியான ஆகாரத்தை உண்ணாமல் கிடப்பதைவிட, பழைய ஆகாரத்தை உண்டு ஜீவனோடிருப்பது மேல். தேவைப்பட்டால் தோலுக்கடியில் திரவம் ஏற்றும் முறையை மருத்துவரே வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பார்.

மேலும் விரிவான பரிசோதனை வேண்டுமானால், உதியன்குளங்கரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தில், குடப்பனக்குன்னு என்னுமிடத்தில் அரசின் பன்னோக்குக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. எல்லைக்கு இப்பால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. பூனையை நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சென்னை வேப்பேரியிலும், பெங்களூர் ஹெப்பாலிலும், மும்பை பரேலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் உள்ளன.

7. பிள்ளைகள் செய்யக்கூடியவை

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளே, அறிக்கையைப் பார்த்தவுடன் தாய்க்கு ஆலோசனை அனுப்பாதேயுங்கள். முதலில் மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

இது பூனைக்குரிய வரம்பா?
எந்த எண்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை?
சிறுநீர்ப் பரிசோதனை செய்தாயிற்றா?
எடை எவ்வளவு, முன்பு எவ்வளவு?
மறுபரிசோதனை எப்போது?

பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒரு பூனைக்கு மிகச் சிறந்த வரம்பு, அது ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்த அதன் சொந்த எண்களே. 10 வயதைக் கடந்த பூனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மாதம் ஒருமுறை எடை பார்க்க வீட்டுத் தராசே போதும். பூனையைக் கூடையோடு நிறுத்து, கூடையின் எடையைக் கழித்தால் சரி.

வியாதி கடைசி நிலைக்கு வந்து, உண்ணாமல், எழும்பாமல், வேதனைப்படும் நாள் ஒன்று வரலாம். அந்நாளில் மருத்துவரின் உதவியோடு அதன் வேதனையை முடிப்பதா என்பதை அந்தத் தாயோடு கலந்தே தீர்மானியுங்கள். கைபேசியில் வந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து, அவரைக் கேளாமல் தீர்மானிக்க வேண்டாம். அதிகாலையில் அடுக்களைக் கதவைத் திறக்கும்போது அவரை எதிர்கொள்ளும் ஜீவன் அது ஒன்றே. ‘வெறும் பூனைதானே’ என்று நீங்கள் சொல்லும் வார்த்தையை அவர் மறுத்துப் பேசமாட்டார். தொலைபேசியை வைத்துவிட்டு மௌனமாய் இருந்துவிடுவார்.

இவ்வாரம் ஊருக்குப் பேசும்போது, தாயின் சுகத்தை விசாரித்தபின், “பூச்சை ஆகாரம் எடுத்ததா, அம்மா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கூறும் பதிலை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவர் முதலாவது கேட்கப்போவது அதைத்தான்.